பத்துச் சொட்டு

தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையின் பெண்கள் வார்டு. ஆகஸ்ட் 5, இரவு எட்டரை மணி. கடற்கரைப் பக்கமிருந்து வேட்டுச் சத்தம் கேட்கிறது. ஜூலை 26-இல் கொடியேறிய பனிமய மாதா திருவிழாவுக்கு இன்று கடைசி நாள். மாதா வீதியில் பவனி வரும் நேரம். எழுந்து நிற்கத் தெம்புள்ளவர்கள் சன்னலண்டை போய்ப் பார்க்கிறார்கள். எதிர்க் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டிதான் தெரிகிறது.

சிஸ்டர் சன்னல் பக்கம் வரவில்லை.

"திருநாளும் அதுவுமா டூட்டியா?" என்று பக்கத்து வார்டு சிஸ்டர் கேட்கிறார்.

"இன்னைக்கு டூட்டி உள்ள பிள்ளைக்குக் கைக்குழந்தை இருக்குல்லா. நான் காலையிலயே பூசை கண்டுட்டேன்." பேனா கேஸ் ஷீட்டை விட்டு எழும்பவில்லை.

நான் அம்மாவின் கட்டிலுக்கடியில் பாய் விரித்துக் கிடக்கிறேன். பார்ப்பதைத் தவிர எனக்கு வேலையில்லை.

ஒன்பதரைக்கு ஒரு போன். "ஏழெட்டு?... தப்பு. ஒண்ணுலருந்து சொல்லு." காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டே மாத்திரைகளைப் பிரித்து அடுக்குகிறார். "ம்... சரி. செபம் சொல்லிட்டுப் படு. அக்காவ ரொம்ப நேரம் முழிச்சிருக்க வேண்டாம்னு சொல்லு."

டிரிப் மாட்டும்போது அவர் பேசுவதில்லை. 500 மில்லி பாட்டில் நான்கு மணி நேரத்தில் இறங்கவேண்டும். 20 சொட்டு ஒரு மில்லி. அப்படியானால் நிமிடத்துக்கு 42 சொட்டு. கைக்கடிகாரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து 15 வினாடி எண்ணுகிறார். பத்தோ பதினொன்றோ விழுந்தால் சரி. கூடினால் சக்கரத்தை ஒரு மயிரிழை திருகி, மறுபடி எண்ணுகிறார்.

உதடு அசைவது சொட்டை எண்ணத்தான் என்றிருந்தேன். கட்டில் விட்டுக் கட்டில் நடக்கும்போதும் அசைகிறது. இடது கை கோட்டுப் பைக்குள் இருக்கிறது. ஒருமுறை கையை எடுத்தபோது ஜெபமாலையின் நுனி வெளியே தொங்கியது. ஓரிடத்தில் உட்கார்ந்து சொன்னால் கால் மணி நேரத்தில் முடிகிற 53 மணி. இவருக்கு ராத்திரி முழுக்க ஆகிறது. யாராவது "சிஸ்டர்" என்றால் விரல் அந்த மணியிலேயே நின்றுவிடும்.

ஓரக் கட்டிலில் ஓர் ஆச்சி. உப்பளத்தில் உப்பு வாரிய பாதங்கள். வெடிப்புகளில் விரல் நுழையும். "ஆச்சி, கைய மடக்காதீய, ஊசி நழுவிரும்" என்று சாயங்காலத்திலிருந்து நாலு தடவை சொல்லியாயிற்று.

இரண்டு மணிக்கு ஆச்சி கையை மடக்கவே இல்லை.

டாக்டர் வந்து பார்த்து, எழுதிவிட்டுப் போனார். மகள் வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சிஸ்டர் திரையை இழுத்தார். ஓரத்தில் ஒரு சாண் இடைவெளி. ஊசியைக் கழற்றிப் பஞ்சு வைத்தார். கண்களை மூடினார். தாடையைக் கட்டினார். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினார். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தபோது நெற்றியில் இருந்த திருநீறும் போய்விட்டது. ஒரு கணம் நின்றார். தலையணைக்கடியில் கைவிட்டு, ஆச்சி வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்தார். மூன்று விரலால் எடுத்து முன்போலவே பட்டையாகப் பூசினார். அதன்பிறகுதான் தம் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை வரைந்துகொண்டார்.

கையைக் கழுவிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நாடி பிடித்தார். எண்ணினார்.

நாலு மணிக்கு அம்மாவின் பாட்டில் தீர்ந்தது. புதிதாக ஒன்று மாட்டினார். கடிகாரம், 15 வினாடி, சக்கரம். முகத்தில் நான் ஏதோ தேடினேன், தூக்கம்தான் இருந்தது.

ஐந்தரைக்கு அவரே போன் செய்தார். "எந்திரிச்சாச்சா? அப்பா கடலுக்குப் போயாச்சா?... மாவு உப்பு போட்டுத்தான் வச்சிருக்கேன். நீ போடாத."

காலையில் டூட்டி மாற்றுகிறார்கள். வந்தவரிடம் கணக்கு ஒப்படைக்கிறார்: ஊசி மருந்து இத்தனை, போர்வை இத்தனை, நோயாளிகள் 31. நேற்று 32. பைக்குள் விரல் இப்போதும் நகர்கிறது. கடைசிப் பத்தாக இருக்கலாம். கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்குகிறார்.

அம்மாவின் பாட்டிலில் கடைசிச் சொட்டு விழுகிறது. சுவர்க் கடிகாரத்தில் மணி எட்டு.