கதகதப்பு

தைப்பிங்கில் விடாமல் மழை பெய்யும் நாள்களில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “அப்பப்பா, என்ன குளிர்!” என்று சொல்வது அவளுடைய வழக்கம். உண்மையான குளிர் எது என்பதை, மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குச் சென்ற பிறகுதான் அவள் அறிந்துகொண்டாள்.

அது 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். காலை 8 மணிக்குப் பிறகுதான் சூரியன் தலைகாட்டும். மாலை 4 மணிக்கு முன்பே மறைந்துவிடும். அவளும் மலேசியத் தோழியர் மூவரும் குடியிருந்த வாடகை வீடு நூறாண்டுகளுக்கு மேல் பழைமையானது. நம் நாட்டு வரிசை வீடுகளைப் போல, பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிக் கட்டப்பட்டது. சன்னல் சட்டங்கள் தளர்ந்திருந்தன. வாசற்கதவின் அடியில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. வீட்டிற்குள் பேசும்போதும் வாயிலிருந்து ஆவி வந்தது.

வீட்டில் வெப்பமூட்டி இல்லாமல் இல்லை. ஆனால், அதை முடுக்கிவிடத்தான் பயமாக இருந்தது. உக்ரேன் போருக்குப் பிறகு எரிவாயு விலை ஏறியிருந்தது. முந்திய குளிர்காலத்தில் பிரிட்டனில் ஒரு சராசரிக் குடும்பத்தின் எரிவாயு, மின்சாரக் கட்டணத்துக்கான உச்சவரம்பு ஆண்டுக்கு 1,277 பவுண்டு. அரசாங்கம் உதவிக்கு வந்த பிறகும் அந்தக் குளிர்காலத்தில் அது 2,500 பவுண்டாகியது. மாணவர்களின் கையில் அவ்வளவு பணம் ஏது? காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் வெப்பமூட்டியைப் பயன்படுத்துவது என்று நால்வரும் முடிவு செய்தனர்.

மற்ற நேரங்களில் ஒவ்வொருத்தியும் தன் அறைக்குள் போர்வைக்கு அடியில் ஒடுங்கினாள். சாப்பாட்டுத் தட்டும் அறைக்குள் போனது. ஒரே வீட்டில் இருந்தும் இரண்டு நாள்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்ததும் உண்டு. குளிரைவிட அந்த அமைதிதான் அவளை அதிகமாக வாட்டியது.

பக்கத்து வீட்டில் எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தனியாக வாழ்ந்தார். தினமும் காலை 10 மணிக்கு நூலகத்துக்குப் புறப்படுவார். இருட்டும் வேளையில் திரும்புவார். ‘இந்த வயதிலும் எவ்வளவு வாசிப்பு ஆர்வம்!’ என்று அவள் வியந்ததுண்டு.

ஒருநாள், தம்மிடம் தவறுதலாக வந்த பொட்டலம் ஒன்றைக் கொடுப்பதற்காக அந்த மூதாட்டி வந்தார். உள்ளே நுழைந்தவர், கையுறையைக் கழற்றிப் புறங்கையைச் சன்னலோரமாக மெல்ல நகர்த்தினார். “இதோ, இங்கே காற்று நுழைகிறது. இங்கேயும்தான்” என்றார். பிறகு சிரித்தபடியே, “பிள்ளைகளா, நீங்கள் வீட்டையா சூடாக்குகிறீர்கள்? தெருவை அல்லவா சூடாக்கிக்கொண்டிருக்கிறீர்கள்!” என்றார்.

அந்தச் சனிக்கிழமையே பாடம் தொடங்கியது. கிழிந்த காலுறைகளுக்குள் பழந்துணிகளைத் திணித்து, நீளமான உருளைகளாக்கிக் கதவடியில் கிடத்தினார்கள். வரவேற்பறையில் பயன்படுத்தாத கணப்பு ஒன்று இருந்தது. அறையின் சூடான காற்று அதன் புகைபோக்கி வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. பழைய போர்வை ஒன்றைப் பையில் திணித்து அந்த வழியை அடைத்தார்கள். யாரும் தெரியாமல் தீ மூட்டிவிடக் கூடாது என்பதற்காக, ‘அடைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதியும் தொங்கவிட்டார்கள். வெப்பமூட்டியை மறைத்துக்கொண்டிருந்த நாற்காலியை நகர்த்தினார்கள். மெல்லிய தரைவிரிப்பின் கீழே பழைய நாளிதழ்களைப் பரப்பினார்கள். தெற்குப் பார்த்த சன்னலின் திரையைப் பகலில் திறந்துவைத்து வெயிலை உள்ளே விட்டார்கள்; பொழுது சாயும் முன்பே மூடினார்கள். இத்தனைக்கும் ஒரு காசுகூடச் செலவாகவில்லை.

துணியும் தாளும் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. அவற்றின் இழைகளுக்கும் மடிப்புகளுக்கும் இடையே காற்று சிக்கிக்கொள்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. தடித்த சட்டை ஒன்றைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் மெல்லிய சட்டைகள் நன்கு கதகதப்பளிப்பதும் இதனால்தான்.

மூதாட்டி இரண்டு எச்சரிக்கைகளையும் சொன்னார். எரிவாயு அடுப்பையோ கரியையோ எரித்து அறையைச் சூடாக்க முயலக் கூடாது. அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆனால், உயிரையே பறித்துவிடும். இரண்டாவது, தினமும் சிறிது நேரமாவது சன்னலைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால், ஈரம் தங்கிச் சுவரில் பூசணம் படரும்.

“இனி மாலையில் நால்வரும் ஒரே அறையில் இருங்கள்” என்பது அவருடைய கடைசி அறிவுரை. அதில் அறிவியல் உண்மை இருந்தது. ஓய்வாக அமர்ந்திருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. நான்கு அறைகளில் சிதறி வீணான வெப்பம், இப்போது ஓர் அறையில் சேர்ந்தது. புத்தகங்களோடு நால்வரும் வரவேற்பறைக்கு வந்தனர். படிப்புக்கு நடுவே பேச்சு வந்தது. பேச்சுக்கு நடுவே சிரிப்பு வந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது எரிபொருளைச் சேமிக்கப் பிரிட்டன் மக்கள் வைக்கோல் பெட்டியில் சமைத்த கதையையும் மூதாட்டி கூறினார். கொதிக்கும் பானையை வைக்கோல் நிரப்பிய பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால், உள்ளிருக்கும் சூட்டிலேயே உணவு மெல்ல மெல்ல வெந்துவிடுமாம். அதைக் கேட்டதும் அவளுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அந்தக் குளிரில் இட்லி மாவு புளிக்கவே இல்லை என்பது நால்வரின் நெடுநாள் கவலை. மாவுப் பாத்திரத்தையும் வெந்நீர்ப் புட்டி ஒன்றையும் சேர்த்துப் போர்வையால் சுற்றி, அட்டைப் பெட்டிக்குள் வைத்தாள். மறுநாள் காலையில் மாவு பொங்கி நின்றது. நால்வரும் போட்ட கூச்சலில் தெருவே விழித்திருக்கும்!

அந்த இட்லியில் நான்கை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டுக்குள் அவள் நுழைந்தது அதுவே முதல் முறை. கதவடியில் துணி உருளை, தரையில் நாளிதழ், கனத்த திரைச்சீலை என எல்லாம் முறையாக இருந்தன. ஆயினும், மூதாட்டி வீட்டுக்குள்ளும் மேலங்கி அணிந்தே அமர்ந்திருந்தார். அறை சில்லென்று இருந்தது. வெப்பமூட்டி அணைந்திருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அந்தக் குளிர்காலத்தில் பிரிட்டன் முழுவதும் பல நூலகங்கள், வீட்டைச் சூடாக்க வசதியில்லாதவர்கள் வந்து அமரும் கதகதப்பான இடங்களாகத் திறந்திருந்தன. மூதாட்டி நாள்தோறும் நூலகத்துக்குச் சென்றது புத்தகத்துக்காக மட்டும் அன்று. குளிர்காலத்தில் வீட்டின் வெப்பநிலை 18 பாகை செல்சியசுக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். முதியவர்களுக்கு அதைவிடக் கூடுதலான வெப்பம் தேவைப்படலாம். துணி உருளையும் திரையும் இருக்கும் வெப்பத்தைக் காக்கும். காப்பதற்கு முதலில் வெப்பம் இருக்க வேண்டுமே! ஒரு முதிய உடல் தனியாக ஒரு வீட்டை எப்படிச் சூடாக்கும்?

“இன்று மாலை எங்கள் வீட்டுக்கு வாருங்கள்” என்றாள் அவள்.

மூதாட்டி தயங்கினார். “நான் யாருக்கும் சுமையாக இருக்க விரும்பவில்லை, பிள்ளை.”

“சுமையா? நீங்கள் வந்தால் எங்களுக்கு 100 வாட் லாபம்!”

மூதாட்டி வாய்விட்டுச் சிரித்தார். அன்று மாலை பின்னல் ஊசிகளோடும் நூற்கண்டோடும் வந்து சேர்ந்தார். கணப்பின் அருகில் இருந்த நாற்காலி அன்றிலிருந்து அவருடையதாயிற்று. நூலகத்துக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. ஆனால், இருட்டிய பிறகு தனியாக இருக்கும் நிலை மாறியது.

வார இறுதியில் தைப்பிங்கிலிருந்து அம்மா அழைத்தார். “குளிர் குறைஞ்சிருக்காம்மா?”

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒருத்தி தரையில் படுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி மூதாட்டியிடம் பின்னல் கற்றுக்கொண்டிருந்தாள். மூன்றாமவள் பருப்புப் பாத்திரத்தைப் போர்வையால் சுற்றிக்கொண்டிருந்தாள். மூதாட்டியின் மேலங்கி கதவருகே கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“வெளியில குறையலம்மா” என்றாள் அவள்.