தொழுவத்துப் பித்தளை

எங்கள் குடும்பத்தில் பெரியப்பாவைக் குறித்து ஒரு தீர்ப்பு நெடுங்காலமாக வழங்கிவந்தது. 'மருந்தை அள்ளிக் கொட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன்' என்பதே அது. 1968ஆம் ஆண்டு ஐப்பசி மழையில், வருசநாட்டு மலையடிவாரத்துச் சோளக்கொல்லையில் காட்டுப்பன்றிகள் இறங்கின. அவற்றை விரட்டுவதற்காகத் தாத்தாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார் அவர். முன்னே போகவேண்டிய நெருப்பில் ஒரு பங்கு பின்னேயும் வந்தது. வலக்கண் பார்வை போயிற்று. அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கு. முதல்நாள் மாலை அந்தத் தோட்டாவை நிரப்பியவரும் அவரே என்பதால் விசாரணைக்கு இடமில்லாமல் போனது. நாங்கள் இருவரும் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்ட வழக்கு அது.

எங்களுள் மூத்தவன் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறான். இளையவன் அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான். அப்பா காலமானபின், அவர் பெயருக்கு மாறியிருந்த துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தாயிற்று. அதற்கும் ஓராண்டு கழித்துப் பழைய மாட்டுத் தொழுவத்தைப் பிரித்தபோது பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டி கிடைத்தது. மருந்தோ கேப்போ அதில் இல்லை. துணியில் சுற்றிய முப்பத்தொரு வெற்றுப் பித்தளைக் கூடுகள், ஒரு மரக்கோல், அட்டையை வட்டமாக வெட்டும் உளி, கைப்பிடி வைத்த சிறு அளவுக் கிண்ணம் ஆகியவை இருந்தன.

தோட்டாவைப் பற்றி எங்கள் இருவருக்கும் இருந்த அறிவு சமமானது. அதாவது, ஒன்றுமில்லை. எனவே முதலில் கற்கத் தொடங்கினோம். கூட்டின் அடிவட்டத்தில் பொறித்திருக்கும் எழுத்துகளே அதன் பிறப்புச் சான்று. '12' என்பது குழலின் அளவு. குழலுக்குள் சரியாக அமரும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்பது அதன் பொருள். இன்றைய கணக்கில் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். எங்கள் கூடுகளில் பதினெட்டு பர்மிங்காம் கைனாக் நிறுவனத்துடையவை. ஒன்பது லண்டன் ஈலி நிறுவனத்துடையவை. அவ்விரு நிறுவனங்களும் 1918இல் ஒரே குழுமத்தில் இணைந்தன. அக்குழுமம் 1926இல் ஐ.சி.ஐ.யின் அங்கமாயிற்று. ஐ.சி.ஐ. என்ற எழுத்துகள் இருந்தால் அந்தக் கூடு அதற்குப் பிற்பட்டது. மீதி நான்கில் ரெம்-யூ.எம்.சி. என்றிருந்தது. ரெமிங்டனும் யூ.எம்.சி.யும் இணைந்தது 1912இல் என்பதால் அவற்றின் வயதும் ஒருவாறு பிடிபட்டது. கல்வெட்டில் ஆட்சியாண்டு தேடுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இவற்றின் மதிப்பு என்ன என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபட்டது. பழைய பாத்திரக் கடைக்காரருக்கு அது எடை. சேகரிப்பாளருக்கு, எழுத்து தேயாமல், நசுங்காமல், முக்கியமாகத் தேய்த்து விளக்காமல் இருப்பதே மதிப்பு. காலம் ஏற்றிய கருமையைத் துடைத்தால் விலையும் துடைபட்டுவிடும். மீண்டும் நிரப்புகிறவருக்கோ இவ்விரண்டும் பொருட்டல்ல. வாய் பிளக்காமல் இருக்கிறதா, கேப்பு அமரும் குழி தளராமல் இருக்கிறதா, உள்ளே தீத்துளை ஒன்றா இரண்டா என்றுதான் அவர் பார்ப்பார். நடுவில் ஒரே துளை என்றால் பாக்ஸர் வகை. தீர்ந்த கேப்பை ஊசியால் உள்ளிருந்து தள்ளிவிடலாம். நடுவே சிறு மேடும் பக்கத்தில் துளைகளும் இருந்தால் பெர்டான் வகை. வெளியிலிருந்து நெம்பி எடுக்க வேண்டும். பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டான் அமெரிக்கர். ஆனால் ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவிலும், அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிலும் வேரூன்றியது வரலாற்றின் ஒரு குறும்பு.

பெட்டியில் இருந்த கருவிகளைக் கொண்டு தாத்தாவின் வேலைமுறையை ஊகிக்க முடிந்தது. காகிதத் தோட்டா மழைக்காற்றில் ஊதிக் குழலில் சிக்கிக்கொள்ளும். பித்தளைக்கு அந்தக் குறை இல்லை. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படை பித்தளைத் தோட்டாக்களைச் செய்வித்ததும் ஈரத்துக்கு அஞ்சித்தான். ரெமிங்டன் 1960இல் பிளாஸ்டிக் தோட்டாவைக் கொண்டுவந்த பிறகே அந்த அச்சம் தீர்ந்தது. தாத்தாவிடம் இருந்ததோ பித்தளை மட்டும். பித்தளைச் சுவர் மெல்லியது, உட்புறம் அகலம். ஆகையால் 12 அளவு அட்டை அதில் தளர்ந்து நிற்கும், ஒரு சுற்றுப் பெரிதாக வெட்டிக்கொள்ள வேண்டும். கருமருந்தையும் ஈயக்குண்டுகளையும் ஒரே கிண்ணத்தால் அளந்து போடுவது பழைய வழக்கம். எடையால் அன்றிக் கொள்ளளவால் இரண்டும் சமம். காகிதத்தின் வாயை மடிப்பதுபோல் பித்தளையின் வாயை மடிக்க வராது என்பதால் மேலட்டையின் ஓரத்தைத் தேன்மெழுகால் அடைத்திருக்கிறார். கூட்டின் நீளம் மாறாதது. ஒரு கிண்ணத்துக்கு மேல் மருந்தைக் கூட்டினால் மேலட்டை அமர இடம் தேட வேண்டியிருக்கும். 'அள்ளிக் கொட்டியவன்' என்ற சொல்லின்மேல் எங்களுக்கு முதல் ஐயம் எழுந்தது அந்தக் கிண்ணத்தைக் கையில் எடுத்தபோதுதான்.

இதற்கிடையில், சேகரிப்பாளர் விதியை அறியாமல், ஐந்து கூடுகளைப் பாட்டி செய்வதுபோலப் புளி போட்டுத் தேய்த்துவிட்டிருந்தோம். விலை போயிற்று. ஆனால் கருமை நீங்கிய பித்தளையில், வாயிலிருந்து விளிம்புவரை தலைமயிர் போன்ற கோடுகள் தெரிந்தன. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். நான்கில் விரிசல் இருந்தது.

இந்தக் கோட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அது நம் நாட்டில் தொடங்குகிறது. ஆங்கிலேயப் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக்கள், சுடாமலேயே, தாமாகப் பிளந்தன. பருவத்தோடு வருவதால் இதைப் 'பருவ விரிசல்' என்றே அழைத்தார்கள். காரணத்தை 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கினர். எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளையைக் குளிர்நிலையில் இழுத்துக் கூடாக்கும்போது, அந்த இழுவிசையில் ஒரு பகுதி உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஈரக்காற்றோடு கலந்து அதைத் தொடும்போது பித்தளை பிளக்கிறது. செய்து முடித்த கூட்டை மிதமாகச் சூடேற்றி உள்விசையைத் தணித்துவிட்டால் பிளவு வராது.

குதிரை இல்லை, மாடு. லாயம் இல்லை, தொழுவம். மற்றவையெல்லாம் ஒன்றே. அடுப்புக்கு அருகில் மருந்துப் பெட்டி ஆகாது என்ற முன்னெச்சரிக்கையால் அல்லவா தாத்தா அதைத் தொழுவப் பரணில் வைத்திருக்கிறார்!

நான்கு கூடுகளையும் எடுத்துக்கொண்டு பெரியப்பாவிடம் போனோம். எண்பதைக் கடந்துவிட்ட அவருக்கு இடக்கண்ணும் மங்கிவிட்டது. விளக்கத்தையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"பெட்டி எப்பவுமே தொழுவத்துலதான் இருந்துச்சா பெரியப்பா?"

"பின்ன எங்க? மழையின்னா அங்கதான் ஏறி எடுக்கணும். மூத்திர நாத்தம் கண்ணக் கரிக்கும்."

ஒரு கூட்டை வாங்கி, நகத்தால் பக்கவாட்டில் மெல்ல வருடினார். ஓரிடத்தில் நகம் நின்றது. மீண்டும் வருடினார், மீண்டும் நின்றது.

"நான் ஒரு கிண்ணந்தான்டா போட்டேன். அய்யாகிட்டச் சொன்னேன். அவரு கேக்கல."

அன்று வெடித்த கூடு இன்று இல்லை. ஆகவே இது மெய்ப்பிக்கப்பட்டதென்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் அந்தத் தீர்ப்பை வழங்கியவர்கள் சாட்சியைப் பார்க்கவில்லை. அதே மொழியைச் சிறுவயதில் நாங்களும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறோம். அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். கூட்டைத் திருப்பித் தந்தாரே தவிர, பதில் சொல்லவில்லை.

வெற்றுக்கூடுதானே என்று வீட்டில் வைத்துக்கொள்ளவும் இயலாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டா என்பதற்குத் தரும் வரையறையில் அதன் பாகங்களும் அதைச் செய்யும் கருவிகளும் அடங்கும். தோட்டா தயாரிக்கவும் உரிமம் வேண்டும். விற்கும் பேச்சை விட்டோம். பெட்டியோடு காவல் நிலையத்துக்குப் போனோம். 'பழைய பித்தளைக் கூடு 31' என்று எழுதிய எழுத்தர் கையொப்பம் கேட்டார். இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றோம். எதற்கு என்பதுபோல் பார்த்தார். இருந்தும் எழுதிக் கொடுத்தார்: 'அவற்றுள் விரிசல் விட்டவை 4.'

அந்த ஒப்புகைச் சீட்டின் நகல் ஒன்று இப்போது பெரியப்பா வீட்டில் இருக்கிறது.