அமோர்த்திசேர்

கவரைப்பேட்டை தாண்டி கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையில் என் பழைய வேகன் ஆர் தூளி மாதிரி ஆடியது. மெக்கானிக் முன்பக்கத்தை அழுத்திவிட்டார். நாலு தடவை எழும்பியது.

"ஷாக்ல எண்ணெய் கசிஞ்சிருக்கு சார். ஜோடியாத்தான் மாத்தணும். புதுசு கூலியோட 7,000. பழசையே ரீகண்டிஷன் பண்ணா 2,500. அது எத்தனை நாள் தாங்கும்னு சொல்ல முடியாது."

பென்ஷன்காரன் புத்தி 2,500 பக்கம் சாய்ந்தது. பின்சீட்டில் மனைவி இடுப்பைப் பிடித்தபடி இருந்தாள்.

"ரொம்ப நாளா வலியா?"

"ஒரு வருஷமா. செலவுன்னு யோசிப்பீங்களேன்னுதான் சொல்லலை."

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் நான். ஷாக் அப்சார்பருக்கு அங்கே 'அமோர்த்திசேர்' என்று பெயர். அதிர்ச்சியைத் தணிப்பதற்கும், கடனைத் தவணையில் அடைப்பதற்கும் அந்த மொழியில் ஒரே வினைச்சொல்தான்.

புதியதையே மாட்டச் சொன்னேன். திரும்பும் வழியில் அவள் தூங்கிவிட்டாள்.