கொல்லையில் முளைக்கும் சாபம்

குமாவுன் மலைவீடுகளில் சட்னிக்கு விதையும் கயிற்றுக்கு நாரும் தந்த செடி அது. இன்று அதை வளர்க்க அரசே உரிமம் தருகிறது. வளர்ப்பதற்குத்தான் வீடுகளில் ஆளில்லை.

காட்கோதாமோடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் குமாவுன் மலைகள்தான். பொவாலியைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் இறங்கும் அல்மோரா பேருந்துகள் கரம்பானியில் நிற்கும். வெந்நீர் என்று பொருள்படும் பெயர்கொண்ட அந்தச் சிறிய ஊரில் சாலையோரக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. சுடச்சுடப் பக்கோடா, கடுகு காரம் மூக்கில் ஏறும் வெள்ளரிக்காய்த் தயிர்ப்பச்சடி, மஞ்சளும் மிளகாயும் போட்டு வதக்கிய உருளைக்கிழங்கு. அதன் ஓரத்தில் ஒரு கரண்டி சட்னி. சாம்பலும் பச்சையும் கலந்த நிறம், நரநரவென்று நாக்கில் உரசும் பதம், வேர்க்கடலையை நினைவூட்டும் ருசி. சமவெளியிலிருந்து வந்தவர் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இது என்ன என்று விசாரிப்பார். 'பாங்' என்று பதில் வரும். கை தட்டுக்கு மேலே அப்படியே நின்றுவிடும். கடைக்காரர்களுக்கு இது தினமும் நடக்கும் வேடிக்கை.

பயப்பட ஒன்றுமில்லை. அரைபடுவது விதை. விதையில் போதை கிடையாது. ஆனால் செடி அதேதான். தமிழ்ப் பத்திரிகைகளில் மேஜை மீது அடுக்கிய பொட்டலங்களாக, பின்னால் விறைத்து நிற்கும் காவலர்களோடு படமாக வெளிவருகிற கஞ்சாச் செடி. அதன் இலை பாங். பெண் செடியின் பூங்கொத்து கஞ்சா. பூவிலிருந்து கசியும் பிசின் சரஸ். மலைக்காரர்களின் கணக்கில் இந்த மூன்றும் பின்னால்தான் வரும். முதலில் விதை, அடுத்தது நார்.

அல்மோரா, பாகேஷ்வர், பித்தோராகட் மாவட்டங்களின் கிராமங்களில் இந்தச் செடியைத் தேடி அலைய வேண்டியதில்லை. பழைய குமாவுனி வீடு கல்லால் ஆனது, கூரை பலகைக்கல். கீழ்த்தளம் மாடுகளுக்கு, அதற்குக் 'கோட்' என்று பெயர். மனிதர்கள் மேலே. அடுப்புச் சாம்பல், சாணம், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து கொல்லையில் சேரும். அந்த மண்ணைப்போல் செழித்த மண் மலையில் வேறெங்கும் கிடையாது. பூசணிக்கொடி, மிளகாய்ச் செடி, முள்ளங்கி, அவற்றின் ஓரமாக இரண்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்த பாங். பல வீடுகளில் அதை யாரும் விதைப்பதுகூட இல்லை. போன வருடம் உதிர்ந்தது இந்த வருடம் தானே எழுந்துவிடும். மற்ற செடிகளுக்கு இடைஞ்சலானதைப் பிடுங்கிப்போட்டு, வேண்டியதை விட்டுவைப்பதுதான் வீட்டுப் பெண்களின் வேலை. நாருக்கென்றே நெருக்கமாக விதைத்த பாத்திகளும் ஒரு காலத்தில் இருந்தன. நெருக்கி விதைத்தால் செடி கிளைக்காமல் கழிபோல் நிமிர்ந்து நிற்கும், நார் நீளமாக வரும்.

இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடி மகரந்தத்தைக் காற்றில் தூவிவிட்டு முதலில் வாடும். அதன் நார் மெல்லியது, முன்னதாகவே பிடுங்கப்படும். பெண் செடி விதை முற்றும்வரை, மழைக்காலம் போய்க் குளிர் எட்டிப்பார்க்கும்வரை, நிற்கும். வெட்டிய தண்டுகளைக் கட்டுக்கட்டாக ஓடையில் ஊறப்போட்டுக் கல்லை ஏற்றிவைப்பார்கள். நாள்கணக்கில் ஊறி நாறத் தொடங்கியதும் எடுத்துப் பட்டையை உரித்து, அடித்து, அலசிக் காயவைப்பார்கள். மாடு கட்டும் கயிறு, புல்கட்டுக் கயிறு, தானியம் சுமக்கும் சாக்கு எல்லாம் இதிலிருந்துதான். 'பங்கேலா' என்ற முரட்டுத் துணியும் நெய்யப்பட்டது. குத்தும், ஆனால் ஆளைவிட அதிக நாள் உழைக்கும். இப்போது ஹல்த்வானியிலிருந்து நைலான் கயிறு வருகிறது. ஓடையில் ஊறப்போட்டு நாற்றத்தைச் சகிக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. அந்த வேலையைச் செய்த பெண்கள் இதற்காக அழுததாகத் தெரியவில்லை.

நார் போனாலும் விதை போகவில்லை. இரும்புச் சட்டியில் வறுத்தால் படபடவென்று வெடிக்கும். சீரகம், பச்சைமிளகாய், கொத்தமல்லித் தழை, உப்போடு அம்மியில் வைத்து அரைத்து எலுமிச்சை பிழிந்தால் சட்னி. வேறொரு வகையும் உண்டு. விதையை அரைத்துத் தண்ணீர்விட்டுக் கரைத்து வடிகட்டினால் தேங்காய்ப்பால்போல் ஒரு பால் வரும். தென்னை வளராத மலையில் அதுதான் தேங்காய்ப்பால். சேப்பங்கிழங்குக் குழம்பு அதில்தான் கெட்டிப்படும். எல்லாவற்றுக்கும் மேலானது குளிர்காலத்து எலுமிச்சைப் பிசையல். சாத்துக்குடியைவிடப் பெரிதாக விளையும் மலை எலுமிச்சையைச் சுளைசுளையாகப் பிய்த்து, தயிர், வெல்லம், முள்ளங்கி, வறுத்து அரைத்த பாங் விதை எல்லாம் சேர்த்துப் பெரிய பாத்திரத்தில் பிசைவார்கள். பனிக்கு நடுவே வெயில் எட்டிப்பார்க்கும் நண்பகலில் முற்றத்துக் கற்களில் உட்கார்ந்து அக்கம்பக்கத்தாரோடு சாப்பிட வேண்டிய பண்டம் அது. வீட்டுக்குள் உட்கார்ந்து தனியாகத் தின்றால் அதற்கு ருசியில்லை என்பது குமாவுனிகளின் அபிப்பிராயம். பிசையும் அதிகாரம் பாட்டிக்கு. குமாவுனியில் பாட்டியை 'ஆமா' என்பார்கள். அந்த வீடுகளில் பாட்டி பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்பது தமிழர்களுக்குப் பெயரிலேயே புரிந்துவிடும்.

இத்தனை உபயோகமான செடியின் பெயரில் ஒரு சாபமும் இருப்பதுதான் விசித்திரம். உன் வீட்டில் பாங் முளைக்கட்டும் என்பது இந்த மலைகளின் பழைய வசவு. ஆங்கிலேய அதிகாரிகள் இதைக் கவனித்துக் குறித்துவைத்திருக்கிறார்கள். மேல்சாதியினர் இதைப் பயிரிடுவதைக் கௌரவக் குறைவாகக் கருதியதால் வந்த வசவு என்பது அவர்கள் தந்த விளக்கம். இருக்கலாம். பயிரிடத் தயங்கியவர்கள் விதையைத் தின்னத் தயங்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் கண்ணால் பார்ப்பவருக்கு இன்னொரு விளக்கம் தோன்றும். மனிதர் வாழ்ந்த மண்ணில்தான் இந்தச் செடி கொழிக்கிறது. மனிதர் போய்விட்டால் கொல்லையோடு நிற்காமல் முற்றத்துக்கு வரும், பிறகு வாசற்படிக்கு, கூரை சரிந்ததும் அடுக்களைக்கு. வீட்டில் எருக்கு முளைக்க என்று தமிழர் சபிப்பதும் இதே காட்சியை நினைத்துத்தானே?

சாபத்தைக் குறித்துவைத்த அதே ஆங்கிலேயர்களுக்குச் செடியின் மீது ஆசையும் இருந்தது. பாய்மரக் கப்பல்களின் காலத்தில் கயிறு இல்லாமல் கடற்படை இல்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கிழக்கிந்தியக் கம்பெனி குமாவுனிலும் கட்வாலிலும் இந்த நாரைக் கொள்முதல் செய்தது. நூற்றாண்டின் இறுதியில் போதைப்பொருள் என்ற கவலை எழுந்தபோது அரசு ஒரு கமிஷன் போட்டது. 1893-94இல் இந்தியா முழுவதும் 1,193 சாட்சிகளை விசாரித்த அந்தக் கமிஷன், முழுத் தடை தேவையில்லை, அளவோடு உபயோகிப்பவர்களுக்குப் பெரிய தீங்கில்லை என்ற முடிவுக்கு வந்தது.

தடை வந்தது சுதந்திர இந்தியாவில். 1961ஆம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இந்தியா, 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. நவம்பர் 14 முதல் அது அமலுக்கு வந்தது. செடியைச் சட்டம் கூறுபோட்ட விதம் சுவாரஸ்யமானது. பூங்கொத்தும் பிசினும் குற்றம். பூவோடு சேராத இலையும் விதையும் கஞ்சாவின் விளக்கத்துக்குள் வராது. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமம் பெற்ற பாங் கடைகள் நடப்பது இந்தச் சந்தில்தான். ஆனால் அனுமதியின்றிச் செடியை வளர்ப்பது குற்றம். 10 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். குமாவுனிப் பாட்டியின் சிக்கல் இங்கே தொடங்குகிறது. விதை வைத்திருக்கலாம், விற்கலாம், அரைக்கலாம். ஆனால் விதை ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. பூங்கொத்து உருவாகி முற்றினால்தான் விதை.

சட்டம் காரணமில்லாமல் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பூத்த செடியை உள்ளங்கைகளில் தேய்த்தால் கறுத்த பிசின் ஒட்டும். அதைச் சுரண்டி உருட்டினால் சரஸ். ஹிமாசலப் பிரதேசத்தின் மலானா கிராமம் உலகப்புகழ் அடைந்தது இந்த வித்தையால்தான். அந்தப் புகழ் கிராமத்துக்கு என்ன செய்தது என்பது தனிக்கதை. குமாவுனிலும் பிசின் வாங்க ஆள் வருகிறது. ஒரு பருவம் முழுக்கக் கோதுமை அறுத்துக் கிடைக்காத பணம், சில நாள் கைதேய்த்தால் கிடைக்கும் என்பது வேலையில்லாத இளைஞர்களுக்குத் தெரியும். பிடிபடும்போதுதான் அடுத்த கணக்கு தெரியவரும். ஒரு கிலோவுக்கு மேல் சரஸ் வைத்திருந்தால் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. ஒவ்வொரு ஆண்டும் செடி பூக்கும் பருவத்தில் தடியும் அரிவாளுமாக அழிப்புப் படைகள் கிளம்புகின்றன. சரஸுக்காக விட்டுவைத்த செடிக்கும் சட்னிக்காக விட்டுவைத்த செடிக்கும் அரிவாளுக்கு வித்தியாசம் தெரியாது.

இந்த நிலையில்தான் அரசுக்கு மனமாற்றம் ஏற்பட்டது. சட்டத்தின் 14ஆம் பிரிவு, அரசு அனுமதித்தால் நாருக்கும் விதைக்கும் இதைப் பயிரிடலாம் என்கிறது. 30 ஆண்டுகளுக்கு மேல் தூங்கிய அந்தப் பிரிவை எழுப்பி, வணிகரீதியில் பயிரிட 2018இல் முதலில் உரிமம் வழங்கிய மாநிலம் உத்தராகண்ட். 2021இல் மத்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பு விதையையும் அதன் எண்ணெயையும் மாவையும் உணவாக அங்கீகரித்தது. பக்கத்து ஹிமாசலமும் 2025இல் பரிசோதனைச் சாகுபடிக்கு அனுமதி தந்தது. டெல்லியின் பளபளப்பான கடைகளில் 'ஹெம்ப்' என்ற ஆங்கிலப் பெயரில் விதைப் பொட்டலம் விற்கிறது. போலீஸ் ஆவணத்தில் கஞ்சா, கடை அலமாரியில் ஹெம்ப். பெயர் மாறினால் தலையெழுத்தும் மாறுகிறது.

ஆனால் உரிமத்தில் ஒரு நிபந்தனை உண்டு. செடியில் போதைச் சத்து 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தலைமுறை தலைமுறையாகக் கொல்லையில் தானே முளைத்துவரும் நாட்டுச் செடி இந்தக் கோட்டுக்குள் அடங்குவது அபூர்வம். குறைந்த போதைச் சத்துள்ள விதையை வெளியிலிருந்து வாங்கி விதைக்கலாம். ஆனால் மகரந்தம் காற்றில் பறக்கும் செடி இது. பாத்திக்கு வெளியே, ஓடைக்கரையில், பாழ்நிலத்தில், சாலையோரத்தில் காட்டுச் செடி நிற்கிறது. அதைத் தடுக்க எந்த வேலியும் இல்லை. உரிமம், ஆய்வகப் பரிசோதனை, சான்றிதழ் எல்லாம் ஹெக்டேர் கணக்கில் பயிரிடும் நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகலாம். மிளகாய்ச் செடிக்கு அருகே ஐந்து செடி வைத்திருக்கும் வீட்டை நினைத்து எழுதப்பட்ட விதிகளாக அவை தெரியவில்லை. நாட்டு விதையைப் பாதுகாத்ததற்கு இந்த வீடுகளுக்குக் கிடைத்த பரிசு, அந்த விதை தகுதியற்றது என்ற தீர்ப்பு.

பயிர் செய்ய மலைவாசிகளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. குரங்கும் காட்டுப்பன்றியும் உருளைக்கிழங்கையும் சோளத்தையும் சூறையாடுகின்றன, பாங்கைத் தொடுவதில்லை. தண்ணீரும் அதிகம் கேட்காது. பலர் நிலத்தைத் தரிசாகப் போட்டதே விலங்குத் தொல்லையால்தான். ஆசைப்படுவதற்கு ஆள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2001க்கும் 2011க்கும் இடையே உத்தராகண்டில் மக்கள்தொகை குறைந்த மாவட்டங்கள் இரண்டு: அல்மோரா, பௌரி. 2011க்குப் பிறகு முற்றிலும் காலியான கிராமங்கள், குக்கிராமங்கள் 734 என்று மாநில அரசு அமைத்த புலம்பெயர்வு ஆணையம் 2018இல் கணக்குச் சொன்னது. பௌரியின் யம்கேஷ்வர் பகுதியில் இளம் கட்டடக் கலைத் தம்பதி ஒருவர் இதே செடியின் தண்டையும் சுண்ணாம்பையும் கலந்து 2021இல் ஒரு வீட்டைக் கட்டி முடித்தார்கள். முதலமைச்சரே வந்து திறந்துவைத்தார். அதே மாவட்டத்தில் பூட்டிய வீடுகளின் பூட்டும் துருப்பிடித்து விழுந்துவிட்டது. உள்ளே காட்டு நொச்சி அல்ல, முள்செடி அல்ல. தொட்டால் அரிக்கும் சிசூண் என்ற காஞ்சொறியும் பாங்கும்தான் தோளோடு தோள் நிற்கின்றன. வசவு பலித்திருக்கிறது. ஆனால் சபித்தவர் வீட்டிலும்தான்.

குலதெய்வ பூஜைக்காகச் சில குடும்பங்கள் கோடை விடுமுறையில் வருவதுண்டு. டெல்லியிலிருந்து, லக்னோவிலிருந்து. முதல் நாள் முழுக்க முற்றத்தில் செடி பிடுங்கும் வேலை. நகரத்தில் பிறந்த பிள்ளைகள் அந்த இலையைக் கைப்பேசியில் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பிச் சிரிப்பார்கள். பெரியவர்கள் வாசற்படிவரை வழி பண்ணிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். பின்பக்கத்துக் கொல்லையை யாரும் தொடுவதில்லை.

நவம்பரில், இன்னும் ஆளிருக்கும் வீடுகளில், காய்ந்த செடியைத் துணியில் போட்டுக் கழியால் அடிப்பார்கள். முறத்தில் புடைக்கும்போதே கூரை விளிம்பில் குருவிகள் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடும். அவற்றுக்கு இந்த விதை என்றால் உயிர். மிஞ்சியதைத் துணிப்பையில் கட்டி, நான்கைந்து பெரிய எலுமிச்சையோடு சேர்த்து, கீழே சாலைக்கு இறங்கி, ஹல்த்வானி போகும் பேருந்தின் ஓட்டுநரிடம் பாட்டி கொடுத்துவிடுவார். அங்கிருந்து அது டெல்லியில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகும். பையின் வாயைக் கட்டியிருப்பது நைலான் கயிறு.