வடகடல் ஓரம்: கோட்டா போன ஊர்

சென்ற இதழில் ஐஸ்லாந்தின் இஸாஃபியோர்துரில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து ஃப்ளாத்தெய்ரிக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. வழியில் பாதிக்கு மேல் இருட்டு என்று தோன்றும்; 1996இல் திறந்த மலைச் சுரங்கப்பாதை அது. மலையின் வயிற்றுக்குள்ளேயே ஒரு முச்சந்தி! ஒரு கிளை சுதுரெய்ரிக்குப் போகிறது, இன்னொன்று நமக்கு. இரண்டு கிளைகளிலும் ஒரு வண்டி போகத்தான் இடம். எதிரே விளக்கு தெரிந்தால் எந்தத் திசைக்காரர் ஒதுங்க வேண்டும் என்பது முன்பே முடிவான சங்கதி. அவர் பேசாமல் ஒதுங்கி நிற்கிறார். ஹாரன் சத்தமே இல்லை.

வெளிச்சத்துக்கு வந்தால் ஃபியோர்டு. தண்ணீருக்குள் நீண்டு கிடக்கும் சரளைத் திட்டின் மேல் நெளிதகரம் வேய்ந்த வீடுகள், சுமார் 200 பேர். ஊருக்கு மேலே மலைச்சரிவில் கூரை முகடு போல இரண்டு மண் கரைகள். 1995 அக்டோபர் 26 விடியற்காலையில் இறங்கிய பனிச்சரிவில் 20 பேர் உறக்கத்திலிருந்து எழவேயில்லை. அதன் பிறகு எழுப்பிய கரைகள் இவை. 2020 ஜனவரியில் மறுபடி பனி இறங்கியபோது ஊரில் ஒரு உயிரும் போகவில்லை. பக்கவாட்டில் பாய்ந்த பனி துறைமுகத்திலிருந்த படகுகளை வாரிக்கொண்டு போனது.

ஆனால் இந்த ஊரின் கதையைப் பனியோடு முடித்துவிட முடியாது. 1984இல் ஐஸ்லாந்து மீனுக்குக் கோட்டா போட்டது. முந்தைய மூன்று ஆண்டுகளில் பிடித்ததைக் கணக்கிட்டு ஒவ்வொரு படகுக்கும் ஒரு பங்கு. காட் மீன் அருகிவந்த காலம் அது. கட்டுப்பாடு தேவைதான், மறுக்க மாட்டேன். 1990இல் வந்த சட்டம் அந்தப் பங்கை நிலம்போல விற்கலாம், வாங்கலாம் என்றது. அதே சட்டத்தின் முதல் பிரிவு, கடல் மீன் நாட்டு மக்களின் பொதுச்சொத்து என்கிறது! 2007இல் இங்கிருந்த பெரிய மீன் நிறுவனம் படகுகளையும் கோட்டாவையும் விற்றுவிட்டுக் கடையைக் கட்டியது. நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. அவர்களில் போலந்திலிருந்து பிழைக்க வந்தவர்களும் உண்டு. மீன் அதே கடலில்தான் நீந்திக்கொண்டிருந்தது. பிடிக்கும் உரிமைதான் ஊர்மாறிப் போயிற்று.

போவது இங்கே புதிதல்ல. 1889இல் நார்வேக்காரர் ஹான்ஸ் எல்லெஃப்சென் இங்கே திமிங்கில ஆலை நடத்த வந்தார். பிறகு கிழக்குக் கரைக்குப் போய்விட்டார். அவருடைய மரவீட்டைக்கூடக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் ரேக்யவிக்கில் நிறுத்தியிருக்கிறார்கள். இன்று அரசு விருந்துகள் நடக்கும் மாளிகை அது.

போகாமல் நிற்பது புத்தகக் கடை. 1914 முதல் ஒரே குடும்பம். பழைய புத்தகத்தைத் தராசில் வைத்து எடைபோட்டு விற்கிறார்கள். தலையணை நாவல் வாங்குகிறவருக்குத்தான் நஷ்டம். 2018இல் ஒரு மக்கள் கல்லூரியும் வந்திருக்கிறது. தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. குளிர்காலத்தில் இளவட்டங்கள் நடமாட்டம் இருந்தாலே ஊருக்குப் பாதித் தெம்பு.

துறைமுகத்தில் ஒரு சின்னப் படகு அணைந்தது. கிழவர் ஒருவர், தனி ஆள். பனிக்கூழ் நிறைந்த தொட்டிகளில், குடல் எடுத்த காட் மீன்கள் வாய் பிளந்து கிடந்தன. கிரேன் தொட்டியைத் தூக்கி நேராகத் துறைமுக எடைமேடையில் வைத்தது. நாட்டில் எங்கே மீன் இறக்கினாலும் இந்த எடைக்குத் தப்ப முடியாது. மீன் இணைய ஏலத்துக்குப் போகும். தலைகூட வீணாகாது, காய்ந்து நைஜீரியாவுக்குக் கப்பலேறும்.

“உங்களுக்குக் கோட்டா இருக்கிறதா ஐயா?” என்றேன்.

“கோட்டா வாங்குகிற பணம் இருந்தால் நான் ஏன் மீன் பிடிக்கிறேன்?”

கோட்டா வாங்காமலே பிடிக்க விடும் கரையோரத் தூண்டில் திட்டம், 2009இல் வந்தது, அதுதான் இவருக்குச் சோறு போடுகிறது. மே முதல் ஆகஸ்டு வரை, திங்கள் முதல் வியாழன் வரை, ஒரு தடவை போனால் 14 மணி நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். நான்கு தூண்டில் கருவிக்கு மேல் கூடாது. இப்படிப் பிடிக்கும் மீனின் அளவுக்கு நாடு முழுவதற்கும் ஒரே பொதுப்பானை. தீர்ந்தால் எல்லோருக்கும் தடை. அது ஆகஸ்டுக்கு முன்பே தீர்ந்துபோவதும் உண்டு. மேற்கில் கோடையின் தொடக்கத்திலேயே மீன் கிடைக்கிறது. வடகிழக்கில் பெருமீன் கரைக்கு வரத் தாமதமாகும். அதற்குள் பானை காலி.

“வடகிழக்குக்காரர்கள் எங்களைத் திருடர்கள் என்கிறார்கள்,” என்று சொல்லி ரப்பர் கையுறையை உதறினார். “அவர்கள் சொல்வதும் நியாயம்தான். அதற்காக நாளைக்குப் போகாமல் இருக்க முடியுமா?”