உப்பு எங்கலே போச்சு?

பிரிஸ்பேன்ல வீடு வாங்குனப்போ கூடவே ஒரு நீச்சல் குளமும் தலையில வந்து விழுந்துச்சு மக்களே. 50,000 லிட்டர். உப்புத்தண்ணிக் குளம்னு சொன்னாங்க. அப்பாடா, குளோரின் வாங்குற வேலை மிச்சம்னு நானும் தங்கமணியும் குஷியாயிட்டோம். அப்புறம்தான் தெரிஞ்சுது, இதுலயும் குளோரின்தான். தண்ணியில கரைஞ்ச உப்புல மின்சாரத்தைப் பாய்ச்சி மெஷினே குளோரின் பண்ணிக்குது. அது வேலையை முடிச்சதும் மறுபடி உப்பாவே மாறிடும்.

போன ஜூலை, இங்க நல்ல குளிர். மெஷின்ல 'உப்பு குறைவு'ன்னு சிவப்பு லைட். 20 கிலோ மூட்டை ஒண்ணு வாங்கிக் கொட்டி, பிரஷ்ஷால தள்ளி கரைச்சு விட்டேன். மறுநாளும் லைட். இன்னொரு மூட்டை. இப்படியே ஒரு வாரத்துல நாலு மூட்டை உள்ள போச்சு. லைட் மட்டும் அணையவே இல்லை. அவ்வ்வ்...

அப்போ அப்பா எங்க கூடத்தான் இருந்தார். தூத்துக்குடி உப்பளத்துல முப்பது வருஷம் கணக்கு எழுதுனவர். இங்க வந்ததுல இருந்து எதுலயும் தலையிடறதில்லை. இந்த ஊர் விஷயம் தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவரே முடிவு பண்ணிட்டார். நானும் எதையும் கேட்டதில்லை. நாலாவது மூட்டை காலியானப்போதான் வாயைத் திறந்தார்.

"ஏலே, மழை பெஞ்சு தண்ணி வழிஞ்சுதா?"

"இல்லப்பா."

"எங்கயாவது ஒழுகுதா?"

"இல்லப்பா. வெயில்ல கொஞ்சம் வத்துச்சு, குழாய்ல பிடிச்சு நிரப்பிட்டேன்."

"வெயில்ல தண்ணிதாம்லே போவும். உப்பு எங்கலே போச்சு?"

பளார்னு அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. உப்பளத்துல பாத்தி கட்டுறதே அந்த ஒரு விஷயத்தை நம்பித்தானே! அந்தக் காசுலதான் நான் இஞ்சினியரிங் படிச்சேன்.

ஒரு பாட்டில்ல தண்ணி எடுத்துட்டு கடைக்கு ஓடினேன். லிட்டருக்கு 5.6 கிராம் உப்புன்னு வந்துச்சு. எங்க மெஷினுக்கு 4 போதும். ரொம்பக் கூடினா மின்சாரம் அதிகமாப் பாய்ஞ்சு தானா நின்னுடும். நான் கொட்டுன 80 கிலோவைக் கழிச்சுப் பார்த்தா, ஆரம்பத்துலயே கணக்கு சரியாத்தான் இருந்திருக்கு! தகடுகள்ல வெள்ளையா சுண்ணாம்பு படிஞ்சிருந்துச்சு. போதாததுக்கு தண்ணி வேற சில்லுனு. ரெண்டும் சேர்ந்தா மின்சாரம் குறைவா ஓடும். மெஷின் அதை உப்பு குறைவுன்னு நினைச்சுக்கும்.

கரண்ட்டை நிறுத்தி, தகடுகளைக் கழட்டி, பத்துப் பங்கு தண்ணியில ஒரு பங்கு ஆசிட் ஊத்திக் கழுவினேன். (தண்ணியிலதான் ஆசிட்டை ஊத்தணும், மாத்தி ஊத்திடாதீங்க.) கூடிப்போன உப்பைக் குறைக்க ஒரே வழிதான். மூணுல ஒரு பங்கு தண்ணியை சாக்கடையில விட்டுட்டு புதுத்தண்ணி நிரப்பணும். 16,000 லிட்டருக்கு மேல!

குடம் இத்தனை காசுன்னு தண்ணி வாங்கிக் குடிச்ச வீடு எங்களோடது. தண்ணி போய் முடியிற வரைக்கும் அப்பா அந்தக் குழாய் பக்கத்துலயே நின்னார். திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

"செடிக்கும் ஆவாதேலே" அப்படின்னு மட்டும் சொன்னார்.

அப்பா ஊருக்குப் போயாச்சு. இப்பல்லாம் லைட் எரிஞ்சா முதல்ல உப்பை அளக்கறேன், அப்புறம் தகட்டைப் பார்க்கறேன். மூட்டை கடைசியிலதான். அளந்த கணக்கை ஞாயித்துக்கிழமை போன்ல அப்பாகிட்ட சொல்றேன். அவரும் ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கறாராம்.