செப்டம்பர் 28-க்குள் கிளம்பியிருந்தால்...

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் சொந்தங்களே, இந்தப் பதிவு உங்களுக்கானது. மருத்துவப் பதிவு அல்ல. ஆனால் ஒரு மருத்துவன் பட்ட அனுபவம்.

1) 2022-ல் இங்கிலாந்தில் எனக்கு வேலை கிடைத்தது. செப்டம்பர் 20 டிக்கெட். 17-ஆம் தேதி கம்பைநல்லூர் வீட்டு வாசலில் அப்பா வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. தருமபுரியில் ஆபரேஷன். டிக்கெட்டை ரத்து செய்தேன்.

2) அப்போது ஆடிட்டர் போனில் சொன்னார்: "டாக்டர், எப்படியாவது 28-க்குள்ள கிளம்பிடுங்க. இல்லன்னா இந்த வருஷம் நீங்க இந்தியாவில் ரெசிடெண்ட் தான்."

3) அதென்ன 28? நம் வரி ஆண்டு ஏப்ரல் 1-ல் தொடங்குகிறது. ஓர் ஆண்டில் 182 நாள் இங்கே இருந்தால் நீங்கள் ரெசிடெண்ட். 60 நாள் என்று இன்னொரு விதியும் உண்டு. வேலைக்காக வெளிநாடு கிளம்பும் இந்தியக் குடிமகனுக்கு, கிளம்பும் ஆண்டில் அந்த 60-ம் 182 ஆகிவிடும். ஏப்ரல் 1-லிருந்து விரல் விட்டு எண்ணுங்கள். செப்டம்பர் 29, 182-ஆவது நாள்.

4) ரெசிடெண்ட் ஆனால் என்ன? என்னைப் போல் அதுவரை இங்கேயே வாழ்ந்தவருக்கு, உலகின் எந்த மூலையில் சம்பாதித்தாலும் அந்த ஆண்டு இந்தியாவில் கணக்கு காட்ட வேண்டும்.

5) 28-ஆம் தேதி அப்பாவால் படுக்கையில் தானாக உட்கார முடியவில்லை. "நீ போ கண்ணு, அக்கா பாத்துக்குவா" என்றார். நான் போகவில்லை. 30-ஆம் தேதி வாக்கர் பிடித்து நாலு அடி வைத்தார். அக்டோபர் 2 பெங்களூரில் விமானம் ஏறினேன். மொத்தம் 185 நாள்.

6) இங்கிலாந்தின் கணக்கே வேறு. அவர்கள் வரி ஆண்டு ஏப்ரல் 6-ல் தொடங்குகிறது. நாள் எண்ணுவது நள்ளிரவை வைத்து; பொதுவாக, இரவு 12 மணிக்கு அந்த நாட்டில் இருந்தால்தான் அது ஒரு நாள். அங்கே முழுநேர வேலைக்கு வருபவருக்கு, நிபந்தனைகள் பொருந்தினால், அந்த ஆண்டை இரண்டாகப் பிரிக்கிறார்கள். நான் வேலையில் சேர்ந்த அக்டோபர் 10 முதல் என்னை ரெசிடெண்ட் என்றார்கள்.

7) ஆக, அக்டோபர் 10 முதல் மார்ச் 31 வரை ஒரே சம்பளம், இரண்டு நாட்டிலும் கணக்கு! எங்கள் துறையிலும் இப்படி ஒன்று உண்டு. கர்ப்பத்தின் வாரங்களைக் கரு உருவான நாளிலிருந்து எண்ணுவதில்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்று தெரியாவிட்டால் குழப்பம்தான்.

8) பயப்பட வேண்டாம். இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. இங்கிலாந்தில் கட்டிய வரியைப் படிவம் 67-ல் காட்டி இங்கே கழித்துக்கொண்டேன். இங்கே விகிதம் கூடுதலாக வந்த அளவுக்கு வித்தியாசத்தைக் கட்டினேன். அந்தத் தொகை அன்றைக்கு எனக்கு வலித்தது, மறைக்கவில்லை.

9) துபாய் செல்லும் தம்பிகள் கூடுதல் கவனம். அங்கே சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. எனவே கழிக்கவும் ஒன்றுமில்லை. அக்டோபர் 5 கிளம்பினால், மார்ச் வரையிலான துபாய் சம்பளமும் இங்கே வரிக்கணக்கில் வரும். ஒரு வாரம் முன்னால் கிளம்பினால் வராது.

10) செய்ய வேண்டியவை:
- பாஸ்போர்ட் முத்திரைகளை அன்றே போட்டோ எடுங்கள்.
- போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள்.
- வந்த தேதி, போன தேதி, வேலையில் சேர்ந்த தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.
- டிக்கெட் போடும் முன் ஆடிட்டரிடம் பேசுங்கள். போட்ட பிறகு அல்ல.

11) "நாலு நாள் முன்னாடி போயிருக்கலாமே" என்று நண்பர்கள் இன்றும் கேட்கிறார்கள். தேதி தெரிந்தேதான் தங்கினேன். அப்பா இப்போது வாக்கர் இல்லாமல் சந்தைக்குப் போய் வருகிறார். உங்கள் வீட்டு நிலைமை உங்களுக்குத்தான் தெரியும். தங்குவதோ கிளம்புவதோ, கணக்கு தெரிந்து முடிவெடுங்கள்.

கிளம்பத் தயாராக இருக்கும் யாருக்காவது இதை அனுப்புங்கள்.